சுத்தியல் எத்தனை முறை விழுந்தது?

1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டா நகரத்தை 7.5 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அங்கே ஷினானோ ஆற்றை ஒட்டிய கவாகிஷிச்சோவில் நான்கு தளக் கான்கிரீட் குடியிருப்புகள் வரிசையாக நின்றன. பல சாய்ந்தன; ஒன்று கிட்டத்தட்ட படுத்தே விட்டது. வேடிக்கை என்னவென்றால் கட்டடம் நொறுங்கவில்லை. மல்லாந்து கிடந்த சுவரின் மேல் நடந்து மக்கள் இறங்கினார்கள்.

கம்பியிலும் சிமென்டிலும் குறை இல்லை. குறை அடியில் இருந்தது: ஆற்றின் பழைய படுகை மணல், அதில் நிறைய தண்ணீர்.

படியில் அரிசி அளக்கும்போது பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் அரிசி இறங்கி, மேலே இடம் விழும். தளர்வான மணலும் குலுக்கினால் அப்படித்தான் நெருங்கி உட்காரப் பார்க்கும். மணிகளுக்கு நடுவே காற்று இருந்தால் ஒதுங்கிவிடும். தண்ணீர் இருந்தால்? அது சுருங்காது, சில விநாடிகளில் வெளியேறவும் முடியாது. அதனால் அதன் அழுத்தம் எகிறுகிறது.

5 மீட்டர் ஆழத்தில் ஒரு மணல் அடுக்கு, நிலத்தடி நீர் 1 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மேலிருக்கும் பாரம் ஏறக்குறைய 10 டன். அதில் 4 டன்னை நீரழுத்தமே தாங்கும். மீதி 6 டன்தான் மணியை மணியோடு அழுத்திப் பிடிக்கிறது. மணலின் பலமெல்லாம் அந்தப் பிடிப்பில்தான். நிலம் குலுங்கக் குலுங்க நீரின் பங்கு 5, 7, 9 என்று ஏறி, 10-ஐத் தொட்டால் மணிகள் ஒன்றையொன்று விட்டுவிடும். அந்த நிமிடத்தில் அது மணல் அல்ல, கெட்டியான கூழ். கனமான கட்டடம் அமிழும். புதைத்த காலித் தொட்டி மிதந்து மேலே வரும். வெடிப்புகளின் வழியே மணலும் நீரும் ஊற்றாகப் பீறிடும். இதைத்தான் மண் திரவமாதல் என்கிறார்கள்.

சரி, கட்டுவதற்கு முன்பே இதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வேலை பழைய வரைபடங்களைப் புரட்டுவது. ஆறு திசை மாறிய இடமா, மூடிய குளமா, கடலைத் தூர்த்த நிலமா? மண் எவ்வளவு புதிதோ அவ்வளவு சந்தேகம் வேண்டும்.

அப்புறம் போர் போடுவது, அதாவது மண்ணைத் துளையிட்டுப் பார்ப்பது. காலி மனைகளில் முக்காலி நட்டு 'ணங் ணங்' என்று அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, தடித்த குழாய் ஒன்றை மண்ணுக்குள் இறக்குகிறார்கள். துளையின் அடிமண் கலைந்திருக்கும் என்பதால் முதல் 15 செ.மீ. கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ. இறங்க சுத்தியல் எத்தனை முறை அடிக்க வேண்டும் என்பதே 'என்' (N) மதிப்பு. ஆழத்துக்கும் சுத்தியலின் திறனுக்கும் ஏற்பத் திருத்திய பிறகு 30-க்கு மேல் வந்தால் நிம்மதி. நனைந்த மணலில் ஒற்றை இலக்கம் வந்தால் கவலைப்படத்தான் வேண்டும். குழாயோடு வரும் மண்ணையும் சலித்துப் பார்ப்பார்கள்: ஒட்டும் களிமண்ணுக்கு இந்த ஆபத்து குறைவு, நுண்மணலுக்கு அதிகம்.

என்னைக் கேட்டால், பலர் அசட்டையாக விடுவது நீர்மட்டத்தைத்தான். போர் போட்ட உடனே அளந்தால் எண் தவறும். நீர் ஒரு மட்டத்தில் நிலைக்க நேரம் வேண்டும். பருவமும் முக்கியம். சித்திரை வெயிலில் எட்டு மீட்டரில் இருந்தது ஐப்பசி மழையில் இரண்டு மீட்டருக்கு வந்துவிடலாம். நிலநடுக்கம் மாதம் பார்த்து வருவதில்லை, ஆகவே கணக்கில் போட வேண்டியது எதிர்பார்க்கக்கூடிய மிக உயர்ந்த மட்டம்.

கணக்கு என்னவோ சுருக்கமானதுதான். நீகாட்டாவும், அதே ஆண்டு மார்ச்சில் அலாஸ்காவில் வந்த நிலநடுக்கமும் கற்றுக்கொடுத்ததை வைத்து சீட், இத்ரிஸ் என்ற இரண்டு பொறியாளர்கள் 1971-இல் ஒரு எளிய முறையை வெளியிட்டார்கள். அந்த ஊரில் வரக்கூடிய நிலநடுக்கம் மணலை எவ்வளவு உலுக்கும் என்பது ஒரு பக்கம், அடி எண்ணிக்கை காட்டும் தாங்குதிறன் இன்னொரு பக்கம். இரண்டாவதை முதலாவதால் வகுத்து 1-க்குக் கீழே வந்தால் மண் இளகும் என்று பொருள். பலவிதமாகத் திருத்தப்பட்டாலும் இன்றும் இந்த வழிதான் அடிப்படை.

ஒருமுறை இளகிய மண் இனி இறுகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரில் மணல் பீறிட்ட தெருக்களில் 2011 பிப்ரவரியிலும் பீறிட்டது, ஜூனிலும் பீறிட்டது. கடைசியில் ஏவன் ஆற்றோரக் குடியிருப்புகள் பலவற்றை அரசே வாங்கி, வீடுகளை அகற்றியது.

இடத்தை விட்டுப் போக முடியாதென்றால் மணலை இறுக்கலாம், ஜல்லித் தூண்கள் இறக்கி நீருக்கு வழிவிடலாம், அல்லது கெட்டி அடுக்குவரை பைல் என்னும் ஆழமான அடித்தளத் தூண்கள் போடலாம். நீகாட்டாவிலேயே அதிர்வுக் கருவியால் முன்கூட்டி இறுக்கிய தரையில் நின்ற எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பெரிய சேதமில்லை. சாய்ந்த குடியிருப்புகளும் முழுக்க வீணாகவில்லை. சிலவற்றை ஜாக்கி கொடுத்து நிமிர்த்தி, அடியில் பைல் இறக்கி, மறுபடி குடிபோனார்கள்.