மேற்கோள்: லிங்கன் உரையில் இடறும் ஒரு சொல்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய கெட்டிஸ்பர்க் உரை என்றதும் நம் எல்லாருக்கும் கடைசி வரிதான் நினைவுக்கு வரும். மக்களுடைய, மக்களால், மக்களுக்காக என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரி. தமிழில் கொண்டுவர அதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் முதல் வாக்கியத்தில் இருக்கிறது. எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் இந்தக் கண்டத்தில் ஒரு புது நாட்டைப் பெற்றெடுத்தார்கள். அது விடுதலையில் கருவானது. ‘மனிதர் எல்லாரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள்’ என்ற ‘ப்ரொபொசிஷனுக்கு’ ஒப்படைக்கப்பட்டது என்கிறார் லிங்கன். இந்த ப்ரொபொசிஷனைத் தமிழில் என்ன செய்வது?

கொள்கை, கோட்பாடு, கருத்து என்று ஏதாவது ஒன்றைப் போட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. கொள்கை என்றால் அதை ஒருவர் கொண்டால் போதும், யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. லிங்கன் எடுத்த சொல்லோ நிரூபணத்தைக் கேட்டு நிற்கும் சொல்.

லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘போனெரே’ என்றால் வைத்தல். முன்னே வைக்கப்பட்டது, அவ்வளவுதான் வேர்ப்பொருள். வியாபாரத்தில் பேசும் ‘ப்ரொபோசலும்’ இதே குடும்பம். ஆனால் லிங்கன் காலத்தில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் முதலில் நினைவூட்டியது பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் வடிவியல் நூலை. அந்த நூலின் ஆங்கிலப் பதிப்புகளில் நம் பாடப்புத்தகம் ‘தேற்றம்’ என்று சொல்வதெல்லாம் ‘ப்ரொபொசிஷன்’ என்ற தலைப்பில்தான் வரும். முதல் புத்தகத்தில் மட்டும் 48.

லிங்கனுக்கு யூக்ளிட் மேல் தனிப் பைத்தியமே இருந்தது. முறையான பள்ளிப் படிப்பு எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுகூடத் தேறாத மனிதர். வக்கீலாக இல்லினாய் மாநிலத்தில் ஊர் ஊராக வழக்காடப் போகும்போது, சக வக்கீல்கள் எல்லாம் தூங்கிய பிறகு தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றிவைத்து யூக்ளிட்டைப் படிப்பாராம். கட்டில் குட்டை, ஆள் நெட்டை. கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று அவருடைய தொழில் கூட்டாளி ஹெர்ன்டன் எழுதியிருக்கிறார். 1860 தேர்தலுக்காகத் தந்த வாழ்க்கைக் குறிப்பில், யூக்ளிட்டின் ஆறு புத்தகங்களைக் கிட்டத்தட்டக் கைவசப்படுத்தியதை லிங்கனே குறிப்பிடுகிறார்.

இப்படிப்பட்டவர் அடிக்கோள் எது, தேற்றம் எது என்று தெரியாமல் பேசியிருக்க மாட்டார். அடிக்கோள் என்பது நிரூபணம் கேட்காதது. இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ‘வெளிப்படை உண்மை’ என்று பெயர், இங்கே அந்தப் பெயர்தான் இன்னும் பொருத்தம். ஏனென்றால் 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் ஜெஃபர்சன், மனிதர் எல்லாரும் சமம் என்பதை ‘தானே விளங்கும் உண்மை’ என்றுதான் எழுதினார். முதல் வரைவில் ‘புனிதமான, மறுக்க முடியாத’ என்று இருந்து பிறகு திருத்தப்பட்டது. லிங்கனும் முதலில் அப்படியே சொல்லிவந்தார். 1859-இல் எழுதிய கடிதம் ஒன்றில், ஜெஃபர்சனின் கருத்துகளைச் சுதந்திர சமுதாயத்தின் ‘வரையறைகள், அடிக்கோள்கள்’ என்கிறார். 1863 ஜூலை 7 அன்று, கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து நான்கே நாளில், வாழ்த்த வந்த கூட்டத்திடம் முன்தயாரிப்பு இல்லாமல் பேசியபோதும் ‘தானே விளங்கும் உண்மை’ என்றே சொன்னார். நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கின் கல்லறைத் திடலில் ‘ப்ரொபொசிஷன்’ என்றார்.

ஏன் மாற்றினார் என்று அவர் எங்கும் விளக்கவில்லை. ஆனால் நாட்டில் நடந்தது நமக்குத் தெரியும். தானே விளங்கும் உண்மை என்றால் எல்லாருக்கும் விளங்கியிருக்க வேண்டுமே! 1854-இல் ஒரு செனட்டர் அதைத் ‘தானே விளங்கும் பொய்’ என்று செனட்டிலேயே சொன்னார். 1861 மார்ச்சில், பிரிந்துபோன தென்மாநிலங்களின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்ல என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று சவானா நகரில் பேசினார். எதிராளி மறுத்துவிட்ட ஒன்றை அடிக்கோள் என்று இன்னும் எப்படிச் சொல்வது? நிறுவித்தான் காட்ட வேண்டும். உரையின் இரண்டாவது வாக்கியமும் அதையே சொல்கிறது: அப்படிப்பட்ட ஒரு நாடு நீடித்து நிற்குமா என்று இந்தப் போர் சோதித்துப் பார்க்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். மெய்ப்பிப்பதற்காக முன்வைக்கும் கூற்றுக்கு நம்மிடம் பழைய சொற்கள் உண்டு. மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லித்தரும்போது பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகளை அடுக்குவார். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இதில் பக்கம்தான் ப்ரொபொசிஷன். ஆனால் இன்று பக்கம் என்றால் பேப்பரில் ஒரு பக்கம், அல்லது வீட்டுக்குப் பக்கம்.

சைவ சித்தாந்தத்தில் இன்னும் நல்ல சொல் கிடைக்கிறது. சிவஞானபோதத்தின் சூத்திரங்களைப் பகுத்து மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்றுதான் விளக்குவார்கள். அங்கே மேற்கோள் என்றால் நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. மேல் + கோள். ‘மேற்கொள்’ என்ற வினையின் பெயர். விரதம் மேற்கொண்டார், பயணம் மேற்கொண்டார் என்கிறோமே, அந்த மேற்கொள்ளல். ஒன்றைத் தன்மேல் ஏற்றுக்கொள்வது. லிங்கன் வாக்கியத்தில் வரும் ‘ஒப்படைக்கப்பட்ட’ என்ற பொருள்கூட இந்த வினைக்குள் வந்துவிடுகிறது. நேர்ச்சொல் கேட்டால் நான் மேற்கோளைத்தான் காட்டுவேன்.

ஆனால் இன்று மேற்கோள் என்றால் பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது, மேற்கோள் குறி போட்டு எழுதுவது. ‘எல்லாரும் சமம் என்ற மேற்கோள்’ என்று எழுதினால் யார் சொன்ன மேற்கோள் என்று கேட்பார்கள். நிறுவ வேண்டிய கூற்றைச் சுட்டிய சொல் எடுத்துச் சொல்லும் வாசகத்துக்குப் பெயராகிவிட்டது. லிங்கன் உரைக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். இலங்கையில் அளவையியல், அதாவது தருக்கம், படித்தவர்கள் ப்ரொபொசிஷனை ‘எடுப்பு’ என்பார்கள். நல்ல சொல், ஆனால் சென்னையில் எடுப்பு என்றால் மூக்குதான் நினைவுக்கு வரும். ‘முன்மொழிவு’ வேர்ப்பொருளுக்கு அச்சாகப் பொருந்தும். அப்புறம் ‘வழிமொழிகிறேன்’ என்று யாராவது கையைத் தூக்கிவிடுவார்கள்.

எந்தச் சொல்லைப் போட்டாலும் அதற்குள் ‘நிறுவுதல்’ இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ‘என நிறுவுக’ என்று வருமே, அது. நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் எடுக்கும் நிலைப்பாடுகளில், ஒன்று, ‘தாஅன் நாட்டித் தனாது நிறுப்பே’: தானே ஒன்றை நாட்டி, அதைத் தானே நிலைநிறுத்துதல்.

கெட்டிஸ்பர்க்கில் அன்று எதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லை. ஜூலை முதல் மூன்று நாள் சண்டையில் இரு தரப்பிலும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல்போனவர் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். நவம்பரில் லிங்கன் பேசியபோதும் அவசரக் குழிகளிலிருந்து உடல்களைத் தோண்டியெடுத்துத் திரும்பப் புதைக்கும் வேலை முடியவில்லை. அடுத்த மார்ச் வரை நடந்தது. தோண்டிய கூட்டத்தை வைத்து வேலை வாங்கியவர் பேசில் பிக்ஸ் என்ற உள்ளூர்க் கறுப்பர், வேலையாட்களும் கறுப்பர்கள். அப்போது பென்சில்வேனியா சட்டப்படி அவர்களுக்கு வாக்கு கிடையாது. அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது 1865-இல். சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்ற 14-ஆம் திருத்தம் 1868-இல். இனத்தைக் காட்டி வாக்கை மறுக்கக்கூடாது என்ற 15-ஆவது 1870-இல். அதன் பிறகும் தென்மாநிலங்களில் வாக்குப் பெட்டி வரை போவதற்கு இன்னொரு நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது.

ஆகவே மொழிபெயர்க்கிறவர்களுக்கு என் யோசனை: மேற்கோளைப் பெயராக வைக்காமல் வினையாக வையுங்கள். ‘மனிதர் எல்லாரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்பதை, தான் நிறுவ வேண்டிய கூற்றாக மேற்கொண்ட ஒரு புதிய நாடு.’ கொஞ்சம் நீளம்தான். ஆனால் அடுத்து வரும் ‘சோதித்துப் பார்க்கிறது’ இதோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும்.