அலையன்ஸ்: சம்பந்தமா, கூட்டணியா?

வேலூர் சத்துவாச்சாரியில் அத்தை வீட்டு மாடியறை. இரவு ஒரு மணி. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு அத்தை மகன் கத்தினான்: "அலையன்ஸ் உடைஞ்சிடுச்சுடா, எல்லாம் போச்சு!" காலையில் காபி டம்ளரை என்னிடம் நீட்டும்போது அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னாப்பா, நமக்குத் தெரியாம எங்கனா பொண்ணு பாத்து வச்சிருந்தானா?"

அத்தை கேட்டதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் அலையன்ஸ் என்றால் வரன். ஆன்லைன் விளையாட்டு ஆடுகிறவர்களுக்குத்தான் அது பல குழுக்கள் ஒரு கொடியின் கீழ் சேர்ந்து இடம் பிடிக்கிற, சண்டை போடுகிற அமைப்பு. அந்த அலையன்ஸைத் தமிழில் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி. வேரைத் தோண்டிப் பார்த்தால் வழக்கு அத்தை பக்கம் சாய்கிறது. லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுதல். 'அல்லிகாரே' ஒன்றோடொன்றைச் சேர்த்துக் கட்டுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த புதிதில், அரச குடும்பங்கள் கொண்டு கொடுத்துச் செய்துகொண்ட மண உறவையும் குறித்தது. வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'சம்பந்தம்' என்ற சொல்லுக்குள்ளும் அதே கட்டுதான் இருக்கிறது. பந்தம் என்றாலே கட்டு. வேருக்கு வேர் பார்த்தால் அலையன்ஸுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடையாது.

கட்டு நிற்குமா என்பது வேறு கதை. ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கானுக்கு மருமகன்கள் இருந்தார்கள். சந்தா சாகிப் ஒருவர், வேலூர்க் கோட்டையைக் கையில் வைத்திருந்த முர்தசா அலி இன்னொருவர். தோஸ்த் அலிக்குப் பின் நவாபான மகன் சப்தர் அலி 1742இல் வேலூரில் கொல்லப்பட்டார். கொல்ல ஏற்பாடு செய்தவர் அந்த மைத்துனர் முர்தசா அலிதான். ஏழு வருஷம் கழித்து, 1749 ஆகஸ்டில், சந்தா சாகிப்பும் ஹைதராபாத் நிஜாம் பதவிக்கு உரிமை கோரிய முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களும் ஒன்றுசேர்ந்து ஆம்பூர்ச் சண்டையில் அப்போதைய ஆற்காடு நவாப் அன்வருதீனை வீழ்த்தினார்கள். முதலில் சொன்னது சம்பந்தம், இரண்டாவது கூட்டணி. விளையாட்டில் நடப்பதற்கு இரண்டாவதே பொருந்தும்.

அத்தை மகன் ஆடுவது ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. அதில் தனி ஆட்கள் சேர்ந்தால் கார்ப்பரேஷன், கார்ப்பரேஷன்கள் சேர்ந்தால் அலையன்ஸ், அலையன்ஸ்கள் கைகோத்தால் கோயலிஷன். கார்ப்பரேஷனை இங்கே அப்படியே எழுத முடியாது. வேலூரில் அது குப்பை வண்டியையும் வீட்டு வரியையும்தான் நினைவுபடுத்தும். கழகம் என்று வைக்கலாம். குறளில் கழகம் என்பது சூதாடும் இடம். ஆட்டத்துக்கு ஆட்டமும் ஆச்சு. கழகங்கள் சேர்ந்தால் கூட்டணி என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கூட்டு, அணி என்ற இரண்டும் சேர்ந்தது கூட்டணி. அணி என்றால் வரிசை, படைவகுப்பு. கூட்டு என்ன என்பதைச் சமையலறையில் போய்ப் பார்க்கலாம். பருப்போடு வெந்தாலும் புடலங்காய் புடலங்காயாகவே இருக்கும். குழைந்து காணாமல் போனால் அது வேறு பதார்த்தம். அலையன்ஸில் சேர்ந்த கழகமும் தன் பெயரையும் தலைவரையும் விடுவதில்லை. அதனால் 'இணைப்பு', 'ஐக்கியம்' என்று எழுதுவது சரியாக வராது. கோயலிஷனுக்கு 'அணி' என்று மட்டும் சொன்னால் போதும். விளையாட்டில் அதற்குப் பதிவு கிடையாது, ஆடுகிறவர்கள் வாய்வார்த்தையாகச் சேர்வதுதான். 'மூன்றாவது அணி' என்று நாம் சொல்வதும் அந்த மாதிரிதானே.

உடைவதற்கும் கலைவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே முக்கியம். 2009 பிப்ரவரியில் ஈவ் ஆன்லைனில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற பெரிய கூட்டணியின் பொறுப்பாளர் ஒருவர் எதிரியான கூன்ஸ்வார்ம் பக்கம் தாவினார். தாவும்போது தன்னிடமிருந்த அதிகாரத்தை வைத்து கூட்டணியையே இல்லாமல் ஆக்கிவிட்டார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அது கலைப்பு. தாவல், கலைப்பு இரண்டையும் நம் பத்திரிகைகள் எப்போதோ பழக்கிவைத்துவிட்டன. சண்டையில் தோற்று, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, கழகம் கழகமாகக் கழன்றுபோவதுதான் உடைவது. அன்றிரவு மாடியில் நடந்தது இது. பெரிய சண்டைக்கும் பெரிய காரணம் வேண்டாம். 2014 ஜனவரி 27இல் ஆட்டத்துக்குள் இருக்கும் பி-ஆர்5ஆர்பி என்ற இடத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போய், அந்த இடத்தின் உரிமை பறிபோனது. அதைப் பிடிக்க 7,000 பேருக்கு மேல் ஏறத்தாழ 21 மணி நேரம் மோதினார்கள். ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. கரண்ட் பில் கட்ட மறந்தால் எங்கள் வீட்டில் ஃபேன்தான் நிற்கும்.

இன்னொரு சொல் மிச்சமிருக்கிறது: ப்ளூ. நட்புக் கூட்டணியின் கப்பல் திரையில் நீலக் குறியோடு தெரியும், அதைச் சுடக் கூடாது. 'நட்பணியினர்' என்று ஒன்றைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அத்தை மகன் சிரித்தான். "நம்மாளுன்னு சொன்னா போதாதா மாமா?"

சரிதான். கழகம், அணி, கலைப்பு என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டவன், இப்போது ஹெட்செட்டில் "சுடாத சுடாத, நம்மாளு!" என்று மட்டும் கத்துகிறான்.