பெயர்த்தகடு இல்லாத என்லார்ஜர்

பழைய இருட்டறைச் சாமான்கள் சேர்ப்பவர்களுக்கு முதல் தலைவலி, கையில் இருப்பது என்னவென்று தெரியாததுதான். ஒரு மரப்பலகை, அதில் நிற்கும் இரும்புத் தூண், தூணைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஒரு தலை. விற்பவர் அதை மைக்ராஸ்கோப் என்பார், இல்லையென்றால் ஏதோ டேபிள் லாம்ப் என்பார். நெகட்டிவில் இருக்கும் சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் பிரிண்ட் போடும் கருவிதான் என்லார்ஜர். என் முதல் என்லார்ஜர் அப்படித்தான் வந்தது. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகள்; நெகட்டிவ் வைக்கும் தட்டையும் காணோம்.

பெயரைத் தேடிக் களைத்த பிறகுதான் வேறு வழி பிடிபட்டது. பல்பிலிருந்து கிளம்பும் ஒளி காகிதத்தில் விழும்வரை எதன் வழியாகவெல்லாம் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால், அந்த இயந்திரம் எதற்குச் செய்யப்பட்டது, ஏறக்குறைய எந்தக் காலத்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

கேமராவில் பெரிய உலகம் லென்ஸ் வழியாகச் சின்ன பிலிமில் விழுகிறது. என்லார்ஜரில் அதே வேலை திரும்பி நடக்கிறது: பிலிமில் இருப்பது லென்ஸ் வழியாக விரிந்து காகிதத்தில் விழுகிறது. 1857இல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த டேவிட் உட்வர்ட் ‘சோலார் கேமரா’ ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு விளக்கு சூரியன்தான். அன்றைய காகிதம் அவ்வளவு மந்தம். படம் விழுவதற்குள் சூரியன் நகர்ந்துவிடும் என்பதால் ஒருவர் பக்கத்திலேயே இருந்து கருவியைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். வேகமான புரோமைடு காகிதம் வந்த பிறகுதான் ஒரு மின்விளக்கு போதும் என்றானது.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலையைத் திறப்போம். பல்புக்குக் கீழே கனமான இரண்டு கண்ணாடி வில்லைகள் இருந்தால் அது கண்டென்சர் வகை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. குவிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். விளக்கின் ஒளியைத் திரட்டி, நெகட்டிவ் வழியாக நேரே லென்ஸுக்குள் செலுத்துவது இவற்றின் வேலை. வில்லைகளுக்குப் பதில் வெள்ளைப் பெட்டியும் பால் நிற பிளாஸ்டிக் தகடும் இருந்தால் அது டிஃப்யூசர் வகை. அதில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் மங்கலாகப் பரவி வரும்.

இந்த வித்தியாசம் பிரிண்டிலேயே தெரியும். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படம் என்பது வெள்ளித் துகள்கள். கறுப்பான இடத்தில் துகள்கள் அதிகம், அங்கே ஒளியும் அதிகமாகச் சிதறும். கண்டென்சரிலிருந்து நேராக வந்த ஒளி அப்படிச் சிதறினால் லென்ஸைத் தவறவிட்டு எங்கோ போய்விடும். அதனால் நெகட்டிவின் கறுப்பு இன்னும் கறுப்பாக நடந்துகொள்கிறது, பிரிண்டில் கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, ஏறுகிறது. டிஃப்யூசரில் ஒளி ஏற்கெனவே எல்லாப் பக்கமும் சிதறியே வருவதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. 1909இல் ஆந்த்ரே காலியே இதைப் பற்றி எழுதினார். காலியே விளைவு என்றே இதற்குப் பெயர். கலர் நெகட்டிவில் கழுவும்போதே வெள்ளி போய்விடுகிறது, மிஞ்சுவது சாயம் மட்டும். அதனால் அங்கே இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் தூசியையும் கீறலையும் கண்டென்சர் ஈவிரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும்.

தலையில் மஞ்சள், மெஜந்தா, சயான் என மூன்று திருகுகள் இருந்தால் அது கலர் பிரிண்டுக்கானது. பெரும்பாலும் 1970களிலோ அதற்குப் பிறகோ வந்திருக்கும். கறுப்பு வெள்ளைக்கும் அது உதவும். 1940இல் இல்ஃபோர்டு கொண்டுவந்த மல்டிகிரேடு போன்ற காகிதங்களில் மஞ்சள் ஒளி கான்ட்ராஸ்டைக் குறைக்கும், மெஜந்தா கூட்டும்.

அடுத்து ஒரு ஸ்கேலை எடுத்துக் கண்டென்சரின் விட்டத்தை அளக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். நெகட்டிவின் மூலைவிட்டத்தைவிடக் கண்டென்சர் பெரிதாக இருந்தால்தான் மூலைகளுக்கு வெளிச்சம் போகும். 35 மி.மீ. பிலிமின் ஒரு பிரேம் 24க்கு 36, மூலைவிட்டம் 43 மி.மீ. 6×6 சென்டிமீட்டர் என்று சொல்லும் நெகட்டிவில் படம் உண்மையில் 56 மி.மீ. சதுரம்தான், அதற்கு மூலைவிட்டம் 79. நான்குக்கு ஐந்து அங்குல ஷீட் பிலிமுக்கு 150ஐத் தாண்டிவிடும். ஆக, இயந்திரம் எந்த அளவு பிலிமுக்கானது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

லென்ஸில் பெயர் பொறித்திருந்தால் யோகம். ஷ்னைடர் நிறுவனத்தில் காம்போனார் என்றால் மூன்று கண்ணாடி, காம்பரான் நான்கு, காம்போனான் ஆறு. ரோடன்ஸ்டாக்கில் ரோகோனார் மூன்று, ரோடகான் ஆறு. பெயர்கள் இப்படி ஒலிப்பதால் மலிவான மூன்று கண்ணாடி லென்ஸை உயர்ந்த ஆறு கண்ணாடி லென்ஸ் என்று நினைத்து வாங்குவது சுலபம். நானும் வாங்கியிருக்கிறேன். லென்ஸின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திவலை போலப் பூஞ்சை தெரிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

தலையை மேலே தூக்கும்போது லென்ஸ் தானாகவே நகர்கிறதா? அப்படியானால் அது ஆட்டோஃபோகஸ் வகை. லைட்ஸ் நிறுவனத்தின் ஃபோகோமாட் இதில் பேர்போனது. 50 மி.மீ. லென்ஸால் நான்கு மடங்கு பெரிதாக்கினால் லென்ஸிலிருந்து காகிதம் 250 மி.மீ. தூரத்தில் இருக்கும், பிலிம் 62.5 மி.மீ. எட்டு மடங்குக்கு இவை 450, 56.25. தலை 19 சென்டிமீட்டருக்கு மேல் ஏறும்போது லென்ஸ் பிலிமை நோக்கி ஆறேகால் மில்லிமீட்டர் மட்டும் நகர வேண்டும், அதுவும் சீரான வேகத்தில் இல்லை. இந்தக் கணக்கை ஓர் உலோகத் தகட்டின் வளைவாகவே செதுக்கி வைத்திருக்கிறார்கள். 50 என்று எழுதிய லென்ஸின் உண்மையான குவியத்தூரம் கொஞ்சம் முன்பின் இருக்கும். வளைவு அந்தக் குறிப்பிட்ட லென்ஸுக்காகச் சரிசெய்யப்பட்டது. வேறு லென்ஸை மாட்டினால் ஃபோகஸ் தப்பும். எனவே இந்த வகையை லென்ஸ் இல்லாமல் வாங்காதீர்கள்.

வயதுக்கு இன்னொரு தடயம் எழுத்துகள். ஜெர்மன் சாமான்களில் டி.ஆர்.பி. என்றிருந்தால் 1945க்கு முந்தைய ரைஷ் காலத்துக் காப்புரிமை, டி.பி.பி. என்றால் போருக்குப் பிந்தைய கூட்டாட்சிக் காலத்தது. பழைய அச்சையே வைத்துப் பிறகும் வார்த்திருக்கலாம் என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. என்லார்ஜர் செய்த செக் நாட்டு நிறுவனம் மெயோப்டாவுக்கு அந்தப் பெயர் வந்தது 1946இல். அதற்கு முன் அது ஆப்டிகோடெக்னா. தூண் சாய்ந்து நின்றால் வளைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். தலை ஏற ஏறத் தூணின் அடியைவிட்டு முன்னால் விலகிப் போனால் பெரிய காகிதத்துக்குப் பலகையில் இடம் கிடைக்கும், அதற்காகவே அப்படிச் செய்தார்கள்.

வாங்கியதும் மின்சாரத்தில் மாட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஒயரின் உறை பொடிந்திருக்கலாம், மிகப் பழையவற்றில் அது ஆஸ்பெஸ்டாஸாகவும் இருக்கலாம். இருட்டில் ஒளிரும் பழைய டைமர் முகப்பில் ரேடியம் பூச்சு இருந்திருக்கலாம், கழற்றிச் சுரண்ட வேண்டாம். அப்புறம், பளபளப்பேற்றும் சூடான டிரையர் கிடைத்தால், அது பழைய ஃபைபர் காகிதத்துக்கு மட்டும் என்று நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதத்தை அதில் வைத்து உருக்கி ஒட்டவைத்த பாவம் எனக்கு உண்டு.

என் பெயரில்லா என்லார்ஜரின் கண்டென்சர் 85 மி.மீ. இருந்தது. அப்படியென்றால் 6×6. கறுப்பு அட்டை இரண்டை வெட்டி நெகட்டிவ் தட்டு செய்து பிரிண்ட் போட்டேன். நடுவில் படம் சரியாக இருந்தது, நான்கு மூலையும் ஒளி போதாமல் வெளுத்துக் கிடந்தன. லென்ஸைக் குற்றம் சொல்லி ஒரு வாரம் போனது. பிறகு தலையைத் திறந்தால், எனக்கு முன்னால் யாரோ கண்டென்சரைத் துடைத்துவிட்டு ஒரு வில்லையைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்! திருப்பி வைத்ததும் மூலைகளிலும் படம் சரியாகக் கறுத்தது. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இன்னும் அந்த இரண்டு துளைகள்தான்.