துவர்ப்பு ஈன்ற வெள்ளித்துகள்

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்னும் பழமொழியிலுள்ள வேலங்குச்சியைக் கடித்தால் நாக்கைச் சுருக்கும் துவர்ப்புக்குக் காரணம், டானின் என்னும் சேர்மம். இத்தகைய சேர்மங்களைக் கொண்டே இன்று ஆய்வுக்கூடங்களில் பற்சிதைவை எதிர்க்கும் வெள்ளி நானோதுகள்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித்துகள்கள், உருவாக்கப்படுகின்றன.

காப்பிக்கடையில் நாம் குடிக்கும் தே தாரிக்கின் சர்க்கரையைப் பல்லில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக்குகிறது. அமிலம் கூடக்கூடக் குறையும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்குகிறது. அதே சர்க்கரையிலிருந்து குளுக்கான் என்னும் பசையையும் உண்டாக்கி, அதற்குள் கூட்டமாகக் குடியிருப்பதால், கொப்பளிக்கும் நீருக்கு அது அசைவதில்லை. சிங்கப்பூர்க் குழாய்நீரில் 1950களிலிருந்து சேர்க்கப்பட்டுவரும் புளோரைடு எனாமலைக் காக்கிறதே தவிர, அந்தப் பசைப்படலத்தைப் பெயர்ப்பதில்லை.

தேக்கா சந்தையில் நாம் வாங்கும் வேப்பிலை போன்ற ஓர் இலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலந்தால், சாற்றிலுள்ள பாலிபீனால்கள் (டானினும் இவ்வகைச் சேர்மமே) வெள்ளி அயனிகளுக்கு எலக்ட்ரான்களை அளித்து அவற்றை அணுக்களாக்க, அணுக்கள் திரண்டு துகள்களாகின்றன. சாற்றின் புரதங்கள் அத்துகள்களைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் காக்கின்றன. வெளிறிய கரைசல் பழுப்பாக மாறுவது கண்ணுக்கே தெரியும். துகள்களின் எலக்ட்ரான்கள் ஒருசேர அதிர்ந்து, ஏறத்தாழ 420 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சுவதே இந்நிறத்திற்குக் காரணம்.

நுண்மையில்தான் இத்துகள்களின் வலிமை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர். அதையே 10 நானோமீட்டர்த் துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 0.6 சதுர மீட்டராகப் பெருகும். அப்பரப்பிலிருந்து கசியும் வெள்ளி அயனிகள், பாக்டீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றி நொதிகளை முடக்கி, செல்சவ்வையும் சிதைக்கின்றன.

ஆகவே, 'வேம்பு கிருமியைக் கொல்கிறது' என்று இதனைச் சுருக்கிச் சொல்வது பொருந்தாது. போர்வையாக அமைந்த தாவரச் சேர்மங்கள் துணை நிற்கக்கூடும். முதன்மையாகத் தாக்குவது வெள்ளியே. அது நன்மை செய்யும் பாக்டீரியாவையும் விட்டுவைப்பதில்லை என்பதால், வீட்டில் தயாரித்துக் கொப்பளிக்க எவரும் முயலக் கூடாது.

ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிடைக்கும் வெற்றி வாய்க்குள்ளும் கிடைத்துவிடும் என்பதில்லை. உமிழ்நீரிலுள்ள குளோரைடு வெள்ளி அயனிகளைப் பிடித்துக் கரையாத வீழ்படிவாக்கிவிடுகிறது. இலையும் ஒரே தன்மையில் இருப்பதில்லை: மண்ணும் பருவமும் மாறும்போது அதன் பாலிபீனால் அளவு மாறுகிறது, அதனால் துகளின் பருமனும், துகளிலிருந்து வெளியேறும் அயனிகளின் அளவும் மாறிவிடுகின்றன.