விசுவாசம்: சொல்லும் பொருளும்

விசுவாசம் என்ற சொல் தமிழில் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் புழங்குகிறது. தெருவில் அதற்கு நன்றி மறவாமை, விட்டுப் போகாத குணம் என்று பொருள். நாய்க்குச் சொல்வோம், கட்சித் தொண்டனுக்குச் சொல்வோம், "தின்ன சோத்துக்காவது விசுவாசம் வேணாமா?" என்று சண்டையிலும் கேட்போம். வேலூரில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் அதே சொல் வேறு வேலை செய்கிறது. அங்கே விசுவாசம் என்பது கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கை. அப்படி நம்புகிறவர் விசுவாசி. இந்தக் குறிப்பு இந்த இரண்டாவது பொருளைப் பற்றியது.

சொல் வடமொழி. மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'ஶ்வஸ்' என்ற வேரிலிருந்து வந்தது. சுவாசமும் அதே வேர்தான். முன்னால் 'வி' சேர்ந்ததும், பயமில்லாமல் தாராளமாக மூச்சுவிடுதல் என்றாகி, அதிலிருந்து ஒருவரை நம்பி நிம்மதியாக இருத்தல் என்று பொருள் விரிந்தது. தெரிந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றதும் "அப்பாடா" என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டு மூலமொழியில் இருக்கும் சொல்லுக்குச் சாயல் கொஞ்சம் வேறு. எபிரெயத்தில் அது 'எமுனா': உறுதி, நிலைபெயராமை. ஜெபத்தின் முடிவில் சொல்லும் 'ஆமென்' அதே வேரில் பிறந்தது. கிறிஸ்தவத் தமிழின் தொடக்க காலத்தில் ஞானஸ்நானம், கிருபை, இரட்சிப்பு, பரிசுத்தம் என்று வடசொற்களே பெருவாரியாக வந்து உட்கார்ந்தன. விசுவாசமும் அந்த வரிசையில் வந்ததுதான். தெருப்பொருளும் கோயில்பொருளும் எமுனாவுக்கு முழுக்க அந்நியம் இல்லை. விட்டுப் போகாமை இரண்டிலும் உண்டு.

தனித்தமிழ்ச் சொல் எது? நம்பிக்கை. ஆனால் அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது. நசை என்றால் விருப்பம். ஆக, ஒரு காலத்தில் நம்புதல் என்றாலே விரும்புதல். இன்று நாம் நம்புதல் என்று சொல்வதைக் குறள் பெரும்பாலும் தேறுதல், தெளிதல் என்ற சொற்களால் சொல்கிறது: "தேறற்க யாரையும் தேராது." ஆராய்ந்து பார்க்காமல் யாரையும் நம்பாதே என்பது கருத்து. விருப்பத்திலிருந்து கிளம்பிய ஒரு சொல், பிறகு தேறுதலின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. கடவுளை நம்புவதற்கு இது பொருத்தமான வரலாறு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த நம்பிக்கையில் ஆராய்ச்சியும் உண்டு, ஆசையும் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று வரும். கத்தோலிக்கர் வாசிக்கும், 1995-இல் வெளியான திருவிவிலியத்தில் அதே வசனம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று வருகிறது. முன்னதில் இரண்டாவதாக நிற்கும் நம்பிக்கை, பின்னதில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வேலூரில் இரண்டு சபையாரும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் சம்பந்தமும் செய்துகொள்கிறார்கள். திருமணத்துக்கோ அடக்க ஆராதனைக்கோ கூடும்போது "நம்பிக்கையோடு இருங்கள்" என்று ஒருவர் சொன்னால், நல்லது நடக்கும் என்று காத்திருக்கச் சொல்கிறாரா, கடவுளை நம்பச் சொல்கிறாரா என்பது கேட்பவர் எந்தக் கோயிலில் வளர்ந்தார் என்பதைப் பொறுத்தது.

இப்போது தன்னம்பிக்கைக்கு வருவோம். பயிற்சி மையங்களின் சுவரொட்டி முழுக்க இருக்கும் சொல். விசுவாசத்தைக் கடவுள் பெயர் ஒட்டிய தன்னம்பிக்கை என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை என்பதைத் தமிழ் வினையே காட்டிக்கொடுக்கிறது. கடவுள்மேல், நண்பன்மேல், மருத்துவர்மேல் நம்பிக்கை 'வைக்கிறோம்'. தன்னம்பிக்கையை யாரும் 'வைப்பது' கிடையாது. அது இருக்கும், வளரும், குறையும். வைப்பதென்றால் வைக்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் நமக்கு வெளியே இருக்க வேண்டும். நீதிமொழிகள் 3:5 இதைக் கிட்டத்தட்ட உடம்பின் அசைவாகவே சொல்கிறது: "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து". சாயாமல் என்ற சொல்லைக் கவனியுங்கள். புத்தியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாரத்தை அதன்மேல் போடாதே என்கிறது. சபையில் "சுயம் சாகணும்" என்று பிரசங்கிக்கும்போது பலர் தன்னம்பிக்கையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். அங்கே குறி தன்முனைப்பு. அதோடு, எல்லாம் என்னாலேயே ஆகும் என்ற தற்சார்பு. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்கு வேண்டிய தைரியத்தை அதோடு போட்டுக் குழப்ப வேண்டியதில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. ஆளுக்கொரு வசனம், அந்த ஆண்டு முழுக்கப் பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். இப்படிச் சுவருக்கும் ஆட்டோ முதுகுக்கும் ஏறிய வசனங்களில் பிலிப்பியர் 4:13-க்குத் தனி மவுசு. முழு வசனம் இது: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." இடம் போதாமல் முதல் பாதி போய், "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது மட்டும் மிஞ்சினால், அது சுத்தமான தன்னம்பிக்கை வாசகம். அப்போஸ்தலர் பவுல் பிலிப்பியருக்கு இந்தக் கடிதத்தைக் காவலில் இருந்தபோது எழுதினார். இதற்கு முந்தின வசனம் திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறது. அவர் சொன்ன 'எல்லாவற்றிலும்' பட்டினியும் அடக்கம். ஜெயிப்பேன் என்ற சவால் அதில் இல்லை.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்து செய்யலாம் என்பது அங்கே கைகொடுத்தது. பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையை நடத்தினார். 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளி மேடையில் இவர் கதை தன்னம்பிக்கைக்கு உதாரணமாகும், கோயிலில் விசுவாசத்துக்கு. இரண்டு இடத்திலும் கதை ஒன்றுதான். ஆனால் எழுந்து நடக்க முடியாத ஒருவரிடம் "உன்மேலேயே சாய்ந்துகொள்" என்பது எவ்வளவு தூரம் உதவும்? அவர் கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்தவர். கத்தியைப் பிடித்ததும் படித்ததும் அவருடைய கைதான், அவருடைய உழைப்புதான். வேதாகமத்தில் யாக்கோபு நிருபம் கிரியையில்லாத, அதாவது செயலில்லாத, விசுவாசத்தைச் செத்தது என்று சொல்வது இதைத்தான்.

சரி, எழுதும்போது எதைப் பயன்படுத்தலாம்? பொதுவாசகருக்கு எழுதினால் நம்பிக்கை என்றே எழுதலாம்; 'கடவுள்மேல்' என்று முன்னால் சேர்த்துவிட்டால் குழப்பம் தீரும். நல்லது நடக்கும் என்று காத்திருக்கும் பொருளும் அருகிலேயே வந்தால் அதற்கு எதிர்நோக்கு. எதை நம்புகிறோம் என்று சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்துக்குக் கத்தோலிக்கர் 'நம்பிக்கை அறிக்கை' என்கிறார்கள், நல்ல ஆக்கம். பற்றுறுதி என்று எழுதுவோரும் உண்டு. பொருள் சரி, வாயில் விறைப்பாக நிற்கிறது. விசுவாசிக்கு நம்பிக்கையாளர். வசனத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் அந்த மொழிபெயர்ப்பில் இருக்கிற சொல்லை மாற்றக் கூடாது. ஆம்பூரிலோ காட்பாடியிலோ ஒரு பாட்டி மனப்பாடமாகச் சொல்லும் வசனத்தில் கைவைத்தால், அடுத்த வரியை அவர் கேட்கவே மாட்டார்.