ஆக்சிஜன் சென்சரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பெட்ரோல் காருடன் பட்டறைக்கு வருபவர்களில் பலர், மைலேஜ் குறைந்துவிட்டது என்று சொன்ன கையோடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. முனையைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள சென்சர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர்தான். ஆனால் எந்தச் சென்சர், எதனால் கெட்டது என்று பார்க்காமல் மாற்றினால், பணம் செலவான பிறகும் குறை அப்படியே நிற்கும்.

பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் இரண்டு சென்சர்கள் இருக்கும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதுதான் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்க உதவுவது. அதன் சிர்கோனியா பீங்கான் முனை 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானதும், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு மின்னழுத்தம் தருகிறது: பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். இதை வைத்தே இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பின்னால் இருக்கும் சென்சரின் முதன்மையான வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. அதற்கு வயதானதால் மைலேஜ் சரிவது அரிது. எனவே இரண்டையும் ஜோடியாக மாற்றச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை.

செக் இன்ஜின் விளக்கு எரிந்து, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0135 என்ற பிழைக் குறியீடு வந்தால் முடிவு எளிது. அது முன் சென்சரின் ஹீட்டர் சுற்றில் உள்ள குறை. ஃபியூஸும் வயரிங்கும் சரியாக இருந்தால் சென்சரை மாற்றத்தான் வேண்டும். பி0171 அப்படிப்பட்டதன்று. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு, அடைத்த இன்ஜெக்டர், பலவீனமான பெட்ரோல் பம்ப் ஆகிய எதுவும் அதற்குக் காரணமாகலாம். சென்சருக்கு முன்னால், இன்ஜினின் புகையைத் திரட்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சிறு விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, நல்ல சென்சரே தவறான கணக்கைச் சொல்லும். கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைக் குறிக்கும் பி0420 வந்தால் பின்னால் உள்ள சென்சரை மாற்றுவதோ, பெரும்பாலும், காய்ச்சல் அடிக்கிறதென்று தெர்மாமீட்டரை மாற்றுவதைப் போன்றது.

கடினமானது விளக்கே எரியாமல் மந்தமாகிப்போன சென்சர். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் அதன் வரைபடத்தைத் திறந்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் கோடு 0.8 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும். காலை எடுத்தவுடன் 0.2க்குக் கீழே விழ வேண்டும். தயங்கித் தயங்கி ஏறுவதும், நடுவில் 0.4, 0.5 என்று படுத்துக்கிடப்பதும் மூப்பின் அடையாளங்கள். (காற்று-பெட்ரோல் விகிதத்தையே அளக்கும் வைட்பேண்ட் சென்சர் உள்ள கார்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா; அவற்றில் அந்த விகிதத்தைக் காட்டும் லாம்டா மதிப்பைப் பார்க்க வேண்டும்.) லாங் டெர்ம் ஃபியூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவில் நீண்ட நாள் போக்கில் செய்துவரும் திருத்தம், 10 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா என்பதையும் சேர்த்தே பார்ப்பேன்.

கழற்றிய சென்சரின் முனையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். உலர்ந்த கரி இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால், யாரோ இன்ஜினில் பூசிய சாதாரண சிலிகான் பசையின் ஆவியோ, எரிந்த கூலன்ட்டோ காரணமாக இருக்கலாம். பழுப்பாகப் படிந்திருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறதா என்று சந்தேகிக்கலாம். மூலக் காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினால், அதுவும் விரைவிலேயே அதே கதியை அடையும்.

மைலேஜ் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எத்தனாலில் ஒரு லிட்டருக்குரிய ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மாறிய பின் தென்படும் சிறு சரிவைச் சென்சரின் தலையில் கட்டக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு முன் சென்சர் மந்தம் என்று உறுதியானால், விளக்கு எரியும்வரை காத்திருக்க நான் சொல்வதில்லை. மந்தமான சென்சரால் பெட்ரோல் அதிகம் போனால், அந்தப் புகை நாளடைவில் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலை சென்சரைப் போலப் பல மடங்கு. சில மாதங்களில் விற்கப்போகும் கார், புகைச் சோதனையிலும் தேறுகிறது என்றால், அவசரமில்லை.

பழைய வயரை வெட்டி ஒட்டும் பொதுவகைச் சென்சரைவிட, அந்த மாடலுக்குரிய கனெக்டரோடு வருவதே நல்லது. பல சென்சர்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கிடையே இழுத்துக்கொள்வதால், அந்த இணைப்பில் ஈயப்பற்று வைப்பதும் கிரீஸ் அடைப்பதும் அதன் மூச்சை அடைத்துவிடும். பொருத்திய பின் பழைய டிரிம் பதிவுகளை அழித்துவிட்டு, சில நாள்கள் வழக்கம்போல் ஓட்டி, மீண்டும் ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். டிரிம் அப்போதும் 10 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், கசிவையும் பெட்ரோல் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும்.