ஆறு ஏன் வயதானவர் காலை வாருகிறது?

அப்பா ஐம்பது வருடத்துக்கு மேல் தூண்டில் போட்டவர். கரையில் உட்கார்ந்து போடுவதெல்லாம் அவருக்குக் கணக்கில் வராது. தொடையளவு தண்ணீரில் இறங்கி, ஓட்டத்துக்கு விலா காட்டி நின்று, மடுவின் ஓரத்தில் தக்கையை மிதக்கவிட வேண்டும். 74 வயதில் ஒருநாள் காலை, வழக்கமாக நிற்கும் அதே இடத்தில், எந்தக் காரணமும் தெரியாமல் மெதுவாகச் சாய்ந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் தோளைப் பிடித்துவிட்டேன். கரையேறி வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கோலை மூன்று துண்டாகக் கழற்றி, ஈரம் போகத் துடைத்து, உறையில் போட்டு முடிச்சுப் போட்டார். "இனிமே இது சரிப்பட்டு வராதுப்பா" என்றார்.

அன்று காலையில் அவர் வீசிய ஒவ்வொரு வீச்சும் நினைத்த இடத்தில் போய் விழுந்தது. நான் சிறுவனாகப் பார்த்த அதே மணிக்கட்டுச் சுழற்சி, அதே நிதானம். கையில் ஒரு குறையும் இல்லை. பின்னே எது போனது? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் பலர் 'எனக்குத் தைரியம் போய்விட்டது' என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். நொந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை.

முதலில், கை ஏன் மறப்பதில்லை என்று பார்ப்போம். பழகிய கைவேலையை மூளை மற்ற நினைவுகளோடு சேர்த்து வைப்பதில்லை. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு இழுக்கச் சொன்னார். மூன்று நாளில் மொலைசனின் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் இந்த வேலையை முன்பு செய்ததாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. சிறுமூளையும், மூளையின் அடியில் இருக்கும் நரம்புக் கணுக்களும் பார்த்துக்கொள்கிற இந்த வகை நினைவு வயதாலும் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. அப்பாவின் வீச்சு அங்கே பத்திரமாக இருந்தது. அந்த வீச்சைத் தாங்கி நிற்க வேண்டிய உடம்புதான் மாறியிருந்தது.

நிமிர்ந்து நிற்பதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. உண்மையில் சும்மா நிற்கும்போதும் உடல் இடைவிடாமல் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. மூளை ஒவ்வொரு ஆட்டத்தையும் கண்டுபிடித்துத் திருத்துகிறது. அதற்குத் தகவல் மூன்று இடத்திலிருந்து வருகிறது: கண், உட்காது, பிறகு பாதத்தின் தோலும் கால் தசைகளும் மூட்டுகளும்.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. பக்கத்திலேயே கூழ் போன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள், நுண்ணிய மணல்போல, உட்கார்ந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் அந்தப் பாரம் நகர்ந்து கீழே உள்ள மயிர்ச்செல்களை வளைக்கிறது. அந்த வளைவுதான் மூளைக்குப் போகும் செய்தி. இந்தச் செல்கள் வயதோடு குறைந்துகொண்டே வரும், இழந்ததை ஈடுகட்டும் அளவுக்கு மனித உடல் மீண்டும் வளர்ப்பதில்லை. பாதத்தின் கதையும் இதேதான். அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் குறைகின்றன, நீண்ட நாள் சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் வேகமாக. போதாததற்குத் தடித்த பூட்ஸ், உள்ளே குளிர்ந்து மரத்துப்போன விரல்கள். கீழே இருப்பது கூழாங்கல்லா, பாசி படிந்த பாறையா என்று பாதம் சொல்ல வேண்டிய நேரத்தில் அது வாயைத் திறப்பதில்லை.

உட்காதும் பாதமும் மங்கினால் மூளை கண்ணை அதிகமாக நம்பத் தொடங்குகிறது. வீட்டில் அது பரவாயில்லை, சுவர் அசையாது. ஆற்றில் அசைவதே கண்முன்னால் இருக்கும் தண்ணீர்தான். நின்ற ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் புறப்பட்டால் நாம் நகர்வதுபோல் தோன்றுமே, அதேதான் இங்கேயும். கண் பரப்பு முழுவதும் ஒரே திசையில் ஓடினால், நாம் எதிர்த்திசையில் போகிறோம் என்று மூளை முடிவுகட்டும். இளவயதில் உட்காதும் பாதமும் உடனே மறுப்புச் சொல்லிவிடும். முதுமையில் அந்த மறுப்பு பலவீனமாக வருகிறது. உடம்பு, நடக்காத ஒரு சாய்வைத் திருத்தப் போய் நிஜமாகவே சாய்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறையைப் பார்த்தார். பாறை மேல்நோக்கி நகர்வதுபோல் தெரிந்தது. ஒரு திசை அசைவையே பார்த்துக் களைத்த நரம்புச் செல்கள், அசையாத பொருளுக்கும் எதிர்த்திசை அசைவைப் போர்த்திவிடுகின்றன. தக்கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் சட்டென்று நிமிர்ந்து கரையைப் பார்த்தால் கரை நகரும். அப்பா சாய்வதற்கு முந்தைய நொடியில் என்னைத் திரும்பிப் பார்த்தார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சரி, சாய்ந்தால்தான் என்ன, சமாளிக்க முடியாதா? அதற்குத் தேவை வேகம். கால் வழுக்கினால் இளைஞரின் கால் தசைகள் சுமார் பத்தில் ஒரு நொடியில் தானாகவே எதிர்வினை காட்டும். வயதானவரிடம் இது சற்றுத் தாமதமாகிறது. தாமதத்தைவிடப் பெரிய சிக்கல் தசையில்தான். தசை நார்களில் மெதுவாக, நீண்ட நேரம் உழைப்பவை உண்டு, பட்டென்று சுருங்குபவையும் உண்டு. முதுமை அதிகமாகச் சுருக்குவது இந்த இரண்டாவது வகையை. தண்டுவடத்தில் இயக்க நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாக இறக்க, அவை ஆண்டுவந்த நார்களில் சிலவற்றை அண்டை நரம்புகள் தத்தெடுக்கின்றன, மற்றவை வீணாகின்றன. அதனால் மணிக்கணக்கில் நிற்கும் சக்தி ஓரளவு மிஞ்சும். ஒரு எட்டுச் சட்டென்று எடுத்து வைக்கும் திறன் முந்திக்கொண்டு போய்விடும். இப்படித் தசை கரைவதற்கு 'சார்கோபீனியா' என்று 1980களின் கடைசியில் இர்வின் ரோசன்பெர்க் பெயர் வைத்தார். அதுவரை இதற்கென்று தனிப் பெயர்கூட இல்லை.

இனி தண்ணீரின் பக்கம் வருவோம். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி நீர் நம்மை மேலே தூக்குகிறது. இடுப்பளவு நீரில் பாதங்கள் தாங்குவது நம் எடையில் ஏறக்குறைய பாதிதான். மூட்டுவலிக்கு இது சுகம், பிடிமானத்துக்கு நஷ்டம். கல்லுக்கும் பாதத்துக்கும் இடையிலான உராய்வு, நாம் கல்லை அழுத்தும் அளவைப் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் பிடியும் பாதியாகும்.

தள்ளும் விசையோ ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். தொடையளவு நீரில் இரண்டு கால்களும் சேர்ந்து 30 சென்டிமீட்டர் அகலம், 80 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓட்டத்தை மறிப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் நீர் தோராயமாக 12 கிலோ பாரம் தள்ளுவதுபோல் தள்ளும். நொடிக்கு இரண்டு மீட்டர் என்றால் 48 கிலோ. கரையிலிருந்து பார்த்தால் இரண்டு வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. விலா காட்டி நின்றால் ஒரு கால் இன்னொரு காலின் மறைவில் வரும், மறிக்கும் பரப்பு பாதியாகும். அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். சூத்திரம் அவருக்குத் தெரியாது, அவர் காலுக்குத் தெரிந்திருந்தது.

கையில் ஒரு கழி இருந்திருந்தால்? இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. 1994இல் வந்த ஓர் ஆய்வில், நிற்பவர்கள் ஒரு நிலையான கம்பியை விரல் நுனியால் லேசாகத் தொட்டாலே உடல் ஆட்டம் கணிசமாகக் குறைந்தது. நூறு கிராம் எடை அளவுகூட அழுத்தமில்லாத, வெறும் தொடுகை. அது உடம்பைத் தாங்கவே முடியாது. ஆனாலும் பாதம் தர மறந்த செய்தியை விரல் தருகிறது. ஆற்றின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கழியும் அப்படித்தான், ஊன்றுவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிடுகிறது. பத்து வருடம் முன்னாலேயே பெரியவர்கள் கையில் கழி கொடுத்துப் பழக்க வேண்டும். தடுமாற்றம் வந்த பிறகு கொடுத்தால் அதைத் தோல்வியின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

கண்ணைப் பற்றியும் கொஞ்சம். மீன் நன்றாகக் கொத்துவது பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும். வயதானால் கண்ணின் பாவை சுருங்கும், வில்லை மஞ்சளாகும். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அந்த அரையிருட்டில் தூண்டில் முள்ளின் காதில் தூண்டில் நரம்பைக் கோக்க வேண்டும். கடைசி இரண்டு வருடம் அப்பா முடிச்சுகளையெல்லாம் முந்தைய நாள் பகலிலேயே போட்டு வைத்துவிடுவார், யாரிடமும் சொல்லாமல்.

விரலும் அப்படித்தான் விலகுகிறது. மீன் இரையை மோப்பம் பிடித்துத் தொடும் அந்த மெல்லிய 'டிக்' தூண்டில் நரம்பு வழியாக, கோல் வழியாக உள்ளங்கைக்கு வரும். தோலின் ஆழத்தில் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும் பாசினி உணர்விகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அதிர்வைக்கூடப் பிடித்துவிடும். மேல்தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் மைஸ்னர் உணர்விகள் நுண்ணிய அசைவைப் பிடிக்கும். வருடங்கள் போகப் போக இவற்றின் உணர்வு மந்தமாகிறது. "இப்பல்லாம் மீன் கொத்தறதே இல்ல" என்று சில காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் கொத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இதயத்தின் உச்ச வேகமும் வயதோடு இறங்கும். பொதுவான ஒரு கணக்குப்படி 20 வயதில் நிமிடத்துக்கு 194 துடிப்பு, 75 வயதில் 156க்கும் கீழே. கரைமேடு ஏறுவது அதே மேடுதான், அதற்குச் செலவாகும் பங்கு கூடுகிறது. வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை கிறுகிறுப்பதும் சகஜம், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். விழுந்தால் தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திச் செல்லும். குளிர்ந்த நீரில் முதல் நிமிடத்தில் வரும் மூச்சுத் திணறலும் ரத்த அழுத்த ஏற்றமும் பழுதான இதயத்துக்கு மிகவும் ஆபத்து.

இவையெல்லாம் வருடக்கணக்கில் மெதுவாக நடப்பவை. ஆனால் எல்லோரும் 'திடீர்னு முடியாமப் போச்சு' என்றுதான் சொல்கிறார்கள். உடம்புக்கு ஒரு கையிருப்பு இருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. நாற்காலியிலிருந்து எழ இளைஞர் தன் கால் பலத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழிக்கிறார், முதியவருக்கு ஐந்தில் நான்கு பங்கு வரை ஆகிவிடுகிறது. எழுந்துவிடும் வரை இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இந்த நிலையில் ஒரு காய்ச்சல் போதும். நல்ல ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாள் படுக்கையிலேயே இருந்து பார்த்த ஒரு சோதனையில், கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போனது. அப்பா சாய்வதற்கு நான்கு மாதம் முன்பு நிமோனியாவில் இரண்டு வாரம் படுத்திருந்தார். அதையும் இதையும் நாங்கள் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை.

போனதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பதும் உண்மை. 1990இல் வெளியான ஆய்வில் 86 முதல் 96 வயதுள்ள சிலர் எட்டு வாரம் எடை தூக்கிப் பயிற்சி செய்து தொடைப் பலத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டினார்கள். ஆனால் உட்காதின் செல்களும் இறந்த நரம்புகளும் பயிற்சியால் திரும்புவதில்லை. காய்ச்சல் முடிந்த உடனே யாராவது சொல்லியிருந்தால் அப்பாவுக்கு இன்னும் இரண்டு மூன்று பருவம் கிடைத்திருக்கலாம். கோலைக் கழற்றும் நாள் வந்தே இருக்கும்.

இப்போது நான் தூண்டில் போடும்போது அவர் கரையில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நடனக் கலைஞர்களை வைத்து 2005இல் ஒரு மூளைப்பட ஆய்வு செய்தார்கள். தாங்களே பயின்ற ஆட்டத்தைப் பார்க்கும்போது, பயிலாத ஆட்டத்தைப் பார்ப்பதைவிட, மூளையின் அசைவுப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. மூன்று வருடம் கழித்துக் கூடைப்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வில், பந்து கையை விட்டுப் போகும் முன்பே அது வளையத்தில் விழுமா என்பதை அவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். எறிபவரின் உடலசைவை அவர்கள் தங்கள் உடம்பால் படித்தார்கள்.

போன வாரம் நான் வீசி முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது: "இடது பக்கம் போகுது, பாறையில மாட்டும்." திரும்பிப் பார்த்தேன். தக்கை இன்னும் காற்றில்தான் இருந்தது. அவர் வலது மணிக்கட்டு, மடிமேல், லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தது.